அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க முதல் வேலை: எந்த வழி யாருக்கு?

அயல்நாட்டில் ஆங்கில ஆசிரியராகப் போக நினைப்பவர்கள் முதலில் நாட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜப்பானா, ஸ்பெயினா, வியட்நாமா என்று பேச்சு ஆரம்பிக்கும். அடுத்து சம்பளத்துக்குப் போகும். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதல் வேலை என்று வரும்போது, அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் யாராவது வந்து உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருவார்களா? நீங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் மாணவர்களைத் தவறவிட்டீர்கள் என்று சொல்வார்களா?

அனுபவமே இல்லாதவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் இடங்கள் ஏராளம். அவரை ஆசிரியராக்கி அனுப்பும் இடங்கள் குறைவு. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும்போது கையில் இருக்கப்போவது கொஞ்சம் சேமிப்பும் ஓர் அனுபவச் சான்றிதழும்தான். அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் சரக்கு இருக்கிறதா என்பது அடுத்த நேர்காணலின் மாதிரி வகுப்பில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் வழிகளை ஒப்பிடும்போது அந்தக் கடைசி வரிசை நாற்காலியை முதல் அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஊரும் ஊதியமும் அதற்குப் பிறகு.

பாஸ்போர்ட் என்னும் முதல் கதவு

ஒப்பீட்டுக்கு உட்காரும் முன் ஒரு கசப்பான வேலையை முடித்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் உங்கள் ஆங்கிலம் எப்படி என்று பார்ப்பதற்கு முன்பே, உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பல அரசுகள் பார்த்துவிடுகின்றன. தென் கொரியா மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை ஏழு நாட்டவருக்கு உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஆங்கிலத்திலேயே படித்து, கனவைக்கூட ஆங்கிலத்தில் காண்கிற சிங்கப்பூர்க்காரருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் உள்ள இந்தியர்கள் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேர வழியிருக்கிறது. சீனாவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளிலிருந்து வருபவர்களையே பொதுவாக எதிர்பார்க்கிறது.

எல்லா நாடும் இப்படி இல்லை. ஜப்பானில் உதவி மொழி ஆசிரியருக்கான விசாவில் பாஸ்போர்ட்டின் நிறத்தைவிடப் படித்த மொழி முக்கியம். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்திருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. தாய்லாந்தில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாடுகளுக்கு வெளியே உள்ளவர்களிடம் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். டோயிக் தேர்வில் 600 என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஆசிரியர்கள் அங்கே பெருமளவில் வேலை செய்கிறார்கள். அதே பள்ளியில், அதே வகுப்புக்கு, வெள்ளைத் தோல்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக அவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. டெசோல் என்ற பன்னாட்டு ஆங்கில ஆசிரியர் சங்கம் 2006இலேயே இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை வெளியிட்டுவிட்டது. குடிவரவு அலுவலகங்களில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொல்வது மனத்தைத் தளர்த்துவதற்காக அல்ல, பணத்தைக் காப்பாற்றுவதற்காக. சான்றிதழ் படிப்புக்குக் கட்டணம் செலுத்தும் முன், போக நினைக்கும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் வேலை விசா விதியைப் படித்துவிடுங்கள். படிப்பை விற்கும் நிறுவனங்கள் உலக வரைபடத்தைக் காட்டுமே தவிர, அதில் எந்தக் கதவுகள் உங்களுக்குப் பூட்டியிருக்கின்றன என்று காட்டாது.

காகித வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதாவது ஒரு துறையில் இளநிலைப் பட்டம் அநேகமாக எல்லா நாடுகளிலும் வேண்டும். அந்தப் பட்டச் சான்றுக்கு அரசு முத்திரை வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒற்றை முத்திரை போதும். சேராத நாடு என்றால் வெளியுறவுத் துறை, தூதரகம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். சீனா இந்த உடன்படிக்கைக்குள் வந்தது 2023 நவம்பர் 7ஆம் தேதிதான். அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிக் குறிப்புகளை நம்பி அலைய வேண்டாம். நன்னடத்தைச் சான்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதும் பயன் தராது. சில மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். வேலை உறுதியாகும்போது அது காலாவதியாகியிருக்கும்.

அரசுத் திட்டங்கள்: பத்திரமான வழி, மெதுவான வழி

ஏமாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே உங்கள் முதல் கவலை என்றால், அரசுகள் நடத்தும் திட்டங்களுக்கு இணை இல்லை. வெளிநாட்டவரைப் பள்ளிகளில் உதவி ஆசிரியர்களாக எடுக்கும் ஜப்பானின் ஜெட் திட்டம் 1987இல் நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேருடன் தொடங்கியது. பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் சரி; கற்பித்த அனுபவமோ சான்றிதழோ கட்டாயம் இல்லை. விமான டிக்கெட்டை அவர்களே தருகிறார்கள். முதலாண்டுச் சம்பளம் வெகுகாலம் 33.6 லட்சம் யென்னாக இருந்தது. 2025இல் ஏறத்தாழ 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் இருக்கலாம். எந்த ஊர் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய முடியாது. விருப்பத்தைத் தெரிவிக்கலாம், டோக்கியோ என்று எழுதிக் கொடுத்தவர் மீன்பிடி கிராமம் ஒன்றின் ஒரே வெளிநாட்டவராகப் போய் நிற்பதும் நடக்கும்.

அங்கே வகுப்பறையில் என்ன நடக்கிறது? இடைநிலைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய ஆசிரியர் பாடப் புத்தகத்தில் ஓர் உரையாடலைத் திறக்கிறார். நீங்கள் ஒரு வரியை வாசிக்கிறீர்கள். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்கிறது. அடுத்த வரி. மறுபடியும் கோரஸ். பிறகு ஆசிரியர் இலக்கணத்தை ஜப்பானிய மொழியில் விளக்குகிறார். நீங்கள் கரும்பலகையின் ஓரத்தில், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறீர்கள். கடைசிப் பத்து நிமிடம் விளையாட்டு ஒன்று நடத்தச் சொல்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் தங்களை 'மனித டேப் ரெக்கார்டர்' என்று கேலி செய்துகொள்வது வெறும் கேலி இல்லை. தொடக்கப் பள்ளியில் கதை வேறு. 2020 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. ஆங்கிலம் சரளமாக வராத வகுப்பாசிரியர் பல இடங்களில் பாடத்தையே உங்களிடம் விட்டுவிடுவார். ஒரே திட்டத்தில் ஒரே ஆண்டு சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் நல்ல ஆசிரியராகவும் மற்றவர் நல்ல வாசிப்பாளராகவும் வெளியே வருவது இப்படித்தான்.

என் அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் விடை கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது. கடைசி வரிசை நாற்காலியில் எப்போதும் ஓர் ஆள் இருக்கிறார். வகுப்பாசிரியர் உங்களோடேயே நிற்கிறார். ஆனால் விருந்தாளியின் குறையை விருந்தாளியிடம் சொல்லக் கூடாது என்ற நாகரிகம் குறுக்கே வந்துவிடும். வகுப்பு முடிந்ததும் 'மிகவும் நன்றாக இருந்தது' என்பார். அதோடு சரி. நீங்களாகவே போய், அந்த இரண்டாவது பயிற்சியில் மாணவர்கள் ஏன் அமைதியாகிவிட்டார்கள் என்று குறிப்பாகக் கேட்டால்தான் வாய் திறப்பார். அப்படிக் கேட்கத் தெரிந்தவருக்கு இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் இலவசமாகக் கிடைக்கிறார்.

பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் கொரிய அரசின் எபிக் திட்டம் 1995இல் தொடங்கியது. வாரத்துக்கு 22 வகுப்பு மணிகள், தங்க வீடு அல்லது வீட்டுப் படி, பிப்ரவரி இறுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் இரண்டு சேர்க்கைகள். ஜப்பானைவிட இங்கே பாடத்தைத் தனியாக நடத்தும் வாய்ப்பு கூடுதல். ஏழு நாட்டுப் பட்டியல்தான் தடை.

ஐரோப்பாவில் இதே வகைத் திட்டங்கள் வேறு குணம் கொண்டவை. பிரான்ஸின் மொழி உதவியாளர் திட்டத்தில் வாரம் 12 மணி நேரம், அக்டோபர் முதல் ஏழு மாதங்கள், மாதம் கைக்கு 800 யூரோவை ஒட்டிய தொகை. ஓரளவு பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினில் 12 முதல் 16 மணி நேரம். தொகை மாநிலத்தைப் பொறுத்து மாதம் 1000 யூரோ வரை. இவை சம்பளமே அல்ல, உதவித்தொகை. முதல் மாதத் தொகை தாமதமாக வரக்கூடும் என்பதால் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு போவது நல்லது. சேமிக்கலாம் என்று இதற்குப் போகாதீர்கள். அந்த நாட்டு மொழியைக் கற்க வேண்டும், ஐரோப்பாவில் சட்டப்படி சில மாதங்கள் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, நேரம். ஜெட் திட்டத்துக்கு இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தால் அடுத்த கோடையில்தான் விமானம் ஏறலாம். ஒன்பது பத்து மாதக் காத்திருப்பு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

தனியார் மொழிப் பள்ளிகள்: வேகமாக எடுப்பார்கள், வேகமாகத் தேய்ப்பார்கள்

உலகில் முதல்முறையாக ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களில் பெரும் பகுதியினரை எடுத்துக்கொள்வது தனியார் பள்ளிகள்தான். கொரியாவில் ஹக்வோன், ஜப்பானில் ஏகைவா, வியட்நாமில் மொழி மையம், ஸ்பெயினில் அகாடமியா. பெயர்கள் வேறு, பிள்ளைகள் பள்ளி முடிந்த பிறகும் பெரியவர்கள் அலுவலகம் முடிந்த பிறகும் வருகிற இடங்கள் என்பதால் வேலை நேரம் ஒன்றுதான்: பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும். சனி, ஞாயிறுதான் மும்முரமான நாட்கள்.

இவற்றின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய சங்கிலிப் பள்ளிகள் பலவற்றில் ஆரம்பப் பயிற்சி உண்டு. பாடநூலும் பாடக்குறிப்பும் அவர்களே தருவார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர் வகுப்பைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதும் முறை இருக்கும். வாரத்துக்கு இருபத்தைந்து வகுப்பு என்றால் ஒரே பாடத்தை நான்கு குழுக்களுக்கு நடத்துவீர்கள். திங்கட்கிழமை சொதப்பியதை வியாழக்கிழமைக்குள் சரிசெய்துவிடலாம். இந்த மறுபடி மறுபடி நடத்தும் வாய்ப்பு அரசுத் திட்டங்களில் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. மெருகேறும் வேகம் தனியார் பள்ளியில்தான் அதிகம், அந்தப் பார்வையிடல் உண்மையாக நடக்கிற பள்ளியாக இருந்தால். பார்வையிடல் என்ற பெயரில் பெற்றோரை அழைத்து வந்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டும் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே உங்களுக்கு எதுவும் கற்பிக்கப்படுவதில்லை. நீங்கள் காட்சிப் பொருள்.

ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'வாரம் 30 மணி நேரம்' என்று எழுதியிருக்கும். எந்த மணி நேரம்? 40 நிமிட வகுப்பு ஒன்றை ஒரு 'மணி' என்று கணக்கிட்டால் நீங்கள் நிற்கப்போவது உண்மையில் 20 மணி நேரம். கடிகார மணி என்றால் அதே 30 மணி நேரத்துக்குள் 45 வகுப்புகளை அடைக்கலாம். ஒரே எண், முதலாவது சுகமான வேலை, இரண்டாவது தொண்டை போய்விடும் வேலை. பாடம் தயாரிக்கும் நேரம், விடைத்தாள் திருத்தும் நேரம், பெற்றோருக்குத் தொலைபேசும் நேரம் எதில் சேர்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு கிளைகளுக்கு இடையே பயணம் செய்யும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்றும் கேளுங்கள். ஐரோப்பிய அகாடமிகளில் காலை எட்டு மணிக்கு ஒரு நிறுவனத்தில் வகுப்பு, மாலை ஆறுக்கு மேல் பள்ளியில் வகுப்பு என்று நாளைப் பிளந்துவிடுவார்கள். கணக்கில் ஐந்து மணி நேர வேலை. வாழ்க்கையில் பதின்மூன்று மணி நேரம்.

கொரியச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பள அளவில் பணிக்கொடை தர வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகப் பதினோராவது மாதத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பும் ஹக்வோன்களைப் பற்றிய பேச்சு அந்தத் தொழில் வட்டாரத்தில் பழசு. எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின் நீக்கல் விதியை வாசிக்கும்போது அந்தப் பதினோராவது மாதம் நினைவில் இருக்கட்டும்.

பெரிய பெயர் என்றால் பத்திரம் என்ற எண்ணமும் வேண்டாம். ஜப்பானின் மிகப் பெரிய மொழிப் பள்ளிச் சங்கிலியாக இருந்த நோவா 2007 அக்டோபரில் திவாலானது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு நடுத்தெருவில் நின்றார்கள். நிறுவனமே வீடு கொடுத்திருந்ததால், சம்பளத்திலிருந்து பிடித்த வாடகை வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்பது வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதுதான் பலருக்குத் தெரியவந்தது. வேலை, வீடு, விசா மூன்றும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை நழுவும்போது மூன்றும் சேர்ந்து போகும். 2021 ஜூலையில் சீனா பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சித் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. வார இறுதி வகுப்புகளும், வெளிநாட்டில் இருந்தபடி இணையத்தில் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் தடைக்குள் வந்தன. சில வாரங்களில் ஒரு வேலைச் சந்தையே சுருங்கிப்போனது. திரும்பி வருவதற்கான விமானக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடாதீர்கள்.

முகவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கிழக்கு ஆசியாவில் நேர்மையான முகவர் ஆசிரியரிடம் பணம் வாங்குவதில்லை. பள்ளிதான் அவருக்குக் கொடுக்கிறது. உங்களிடம் 'பதிவுக் கட்டணம்' கேட்கிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அதே சமயம், பணம் கொடுப்பது பள்ளி என்பதால் முகவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதும் தெளிவு. நிரப்பக் கஷ்டமான இடத்தைத்தான் அனுபவமில்லாத உங்களிடம் முதலில் நீட்டுவார்.

பயிற்சியோடு சேர்த்துப் போவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். வேலை செய்ய விரும்பும் நாட்டிலேயே, அல்லது அதற்குப் பக்கத்து நாட்டில், ஒரு மாத நேரடிச் சான்றிதழ் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவது.

ஸ்பெயினின் கோர்தோபா நகரில் 1953இல் ஜான் ஹேக்ராஃப்ட், பிரிட்டா தம்பதியர் ஒரு மொழிப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு லண்டனுக்கு வந்து, 1962இல் ஆசிரியர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சிப் படிப்பை ஆரம்பித்தார்கள். கேம்பிரிட்ஜ் இன்று வழங்கும் செல்ட்டா சான்றிதழ் அந்த மரபில் வந்தது. 120 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு, நான்கு எழுத்துப் பணிகள், அனுபவமுள்ளவர்களின் வகுப்புகளைப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டெசோல் சான்றிதழும் இதற்குச் சமமாகக் கருதப்படுகிறது.

ஆறு மணி நேரம் என்பது கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஒவ்வொரு நிமிடத்தையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அதன் மதிப்பு. புதிதாகக் கற்பிக்க வருபவர் பயிற்சியை விளக்கிவிட்டு, 'புரிகிறதா?' என்று கேட்பார். எல்லாத் தலைகளும் ஆடும். அவர் திரும்பியதும் ஒரு மாணவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். பயிற்றுநர் கடைசி வரிசையிலிருந்து அதைக் குறித்துக்கொள்கிறார். வகுப்பு முடிந்ததும் சொல்கிறார்: 'புரிகிறதா என்று இனிமேல் கேட்காதீர்கள். தனியாக எழுத வேண்டுமா, இருவர் சேர்ந்து எழுத வேண்டுமா என்று கேளுங்கள். எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் வந்தால் புரிந்துவிட்டது.' இந்த ஒரு திருத்தம் ஆறு மாத அனுபவத்துக்குச் சமம். தனியாக விடப்பட்ட ஆசிரியர் அதே கேள்வியைப் பத்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

இணையத்தில் 120 மணி நேர டெஃப்ல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்) என்று மலிவாக விற்கப்படும் சான்றிதழ்கள் வேறு வகை. அவை பயனற்றவை அல்ல. வியட்நாம், சீனா போன்ற நாடுகளில் வேலை அனுமதிக்குக் கேட்கப்படும் காகிதத்தை அவை கொடுக்கின்றன. இலக்கணச் சொற்களை நினைவூட்டும். மாணவர் முகத்தைப் பார்க்காமல் முடிக்கிற படிப்பு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விசாவுக்குக் காகிதம் போதும் என்றால் மலிவானதை எடுங்கள், அதற்குமேல் அதில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சான்றிதழ்களுக்கெல்லாம் பொதுவான அங்கீகார அமைப்பு ஒன்று உலகில் கிடையாது என்பதால், 'சர்வதேச அங்கீகாரம்' என்ற முத்திரையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

நேரடிப் படிப்பை அந்த நாட்டிலேயே முடிப்பதில் இன்னொரு லாபம்: பயிற்றுநர்களுக்கு உள்ளூர்ப் பள்ளிகள் தெரியும். யார் ஒழுங்காகச் சம்பளம் தருகிறார்கள், யாரிடம் ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள் என்ற தகவல் எந்த விளம்பரத்திலும் வராது. செலவு அதிகம் என்பது உண்மை. ஒரு மாதம் வருமானமில்லாமல், இரவு ஒரு மணி வரை பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

நேரில் போய்க் கதவைத் தட்டுவது

சுற்றுலா விசாவில் போய் இறங்கி, பள்ளி பள்ளியாகச் சென்று வேலை தேடுபவர்கள் தென்கிழக்கு ஆசியாவில் வெகுகாலமாக இருக்கிறார்கள். இதில் உண்மையான சாதகம் உண்டு. பள்ளியைக் கண்ணால் பார்க்கிறீர்கள். ஆசிரியர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே, அங்கிருப்பவர்கள் சிரித்துப் பேசுகிறார்களா, தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். பள்ளிக்கும் உங்களை நேரில் பார்த்து மாதிரி வகுப்பு நடத்தச் சொல்ல முடியும். விண்ணப்பத்தை மட்டும் பார்த்தால் ஒதுக்கிவிடக்கூடிய பாஸ்போர்ட்காரருக்கு இது பெரிய வாய்ப்பு. நல்ல மாதிரி வகுப்பு ஒன்று தலைமை ஆசிரியரின் முன்முடிவை மாற்றிவிடும். விசா விதியை மாற்றாது.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. 'இப்போதைக்குச் சேர்ந்துவிடுங்கள், வேலை அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சுற்றுலா விசாவில் கற்பிப்பது சட்டவிரோதம். பிடிபட்டால் பள்ளி அபராதம் கட்டிவிட்டு அடுத்தவரை எடுக்கும். உங்கள் பாஸ்போர்ட்டில் நாடுகடத்தல் முத்திரை விழும். நேரில் போவதாக இருந்தால் முத்திரையிட்ட சான்றிதழ்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; அங்கே போன பிறகு அவற்றை வரவழைப்பது பெரும்பாடு. காலத்தையும் பார்த்துப் போங்கள். தாய்லாந்தில் கல்வியாண்டு மே நடுவில் தொடங்குகிறது. ஐரோப்பிய மொழிப் பள்ளிகள் செப்டம்பரில் ஆள் எடுக்கின்றன. டிசம்பரில் போய் மாட்ரிட்டில் கதவைத் தட்டினால் குளிர்தான் மிச்சம். ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையோ, வேலை செய்யும் உரிமையுள்ள குடும்ப விசாவோ இல்லாதவருக்கு அங்கே இந்த வழி அநேகமாக மூடியதுதான். அந்த உரிமை இருப்பவருக்கோ இதைவிட நல்ல வழி இல்லை.

மற்றவை

வளைகுடா நாடுகளின் வேலைகளைப் பலரும் கேட்கிறார்கள்: வரியில்லாச் சம்பளம், வீடு, விமான டிக்கெட். அவை பெரும்பாலும் கல்வியியல் பட்டமும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பவை. இரண்டாவது அல்லது மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஆசிரியர் பட்டம் உள்ளவர்கள் அங்குள்ள தனியார் பள்ளிகளைப் பார்க்கலாம்; அது பாடசாலை ஆசிரியர் வேலை, மொழிப் பள்ளி வேலை அல்ல.

கட்டணம் வாங்கிக்கொண்டு தன்னார்வ ஆசிரியராக அனுப்பும் நிறுவனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் பணம் கொடுத்து, நான்கு வாரம் பயிற்சியில்லாமல் பாடம் நடத்திவிட்டு வருவதால் லாபம் அடைவது இடையில் இருப்பவர் மட்டுமே.

இணைய வழித் தனிப்பயிற்சி முதல் வேலைக்குப் பதிலாகாது. தனியொருவருக்குத் திரையில் பாடம் சொல்வதும் முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையை நடத்துவதும் வெவ்வேறு திறமைகள். ஆனால் ஜெட் போன்ற திட்டத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் அது நல்ல பயிற்சி. மெதுவாகப் பேசவும், மாணவரைப் பேசவிடவும் பழக்கும்.

எதை எடுப்பது

பட்டியலில் உள்ள பாஸ்போர்ட், கையில் பணமில்லை, பொறுமை இருக்கிறது என்றால் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பட்டியலில் இல்லாத பாஸ்போர்ட் என்றால் சான்றிதழில் கஞ்சத்தனம் வேண்டாம். நேரடிப் பயிற்சியும் தேர்வு மதிப்பெண்ணும்தான் உங்கள் வாதம், அவற்றை வைத்து வியட்நாம், தாய்லாந்து போன்ற சந்தைகளில் தொடங்கலாம். கடன் அடைக்க வேண்டியவர் கிழக்கு ஆசியத் தனியார் பள்ளியைப் பார்ப்பதில் தவறில்லை. ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் போதும். இந்தத் தொழிலிலேயே நிலைக்கப் போகிறோமா என்று இன்னும் தெரியாதவருக்கு ஏழு மாத ஐரோப்பிய உதவியாளர் வேலை சரியான அளவு. நிலைக்கப் போகிறோம் என்று தெரிந்தவர், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும், ஆசிரியர்களைப் பார்வையிட்டுத் திருத்தும் மூத்தவர் இருக்கிற பள்ளியை எடுக்க வேண்டும்.

அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை நேர்காணலிலேயே கண்டுபிடிக்கலாம். 'பயிற்சி தருவீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். 'முதல் மாதத்தில் என் வகுப்பை யார் பார்ப்பார், எத்தனை முறை, பார்த்த பிறகு என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். உண்மையில் அந்த வழக்கம் உள்ள பள்ளி ஒரு பெயரைச் சொல்லும். இரண்டாவது வாரத்தில் அரை மணி நேரம் என்று சொல்லும். பயன்படுத்தும் படிவத்தைக்கூட அனுப்பும். இல்லாத பள்ளி, 'நாங்கள் ஒரு குடும்பம் போல' என்று ஆரம்பிக்கும். அடுத்ததாக, இப்போது அங்கே வேலை செய்யும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு, மேலாளர் உடன் இல்லாமல், தொலைபேசியில் பேச அனுமதி கேளுங்கள். கிடைத்தால் அவரிடம் சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, வேலை அனுமதி கைக்கு வர எத்தனை நாள் ஆனது, உங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார் என்ற மூன்றையும் கேளுங்கள். பேச விட மறுத்தால் அடுத்த பள்ளிக்கு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.